ஒரே ஒரு பாகம் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்ட கேம் வரிசைகள்: யாழ்ப்பாணத்தில் எது, ஏன்?

கொக்குவிலான்:

சில கேம் வரிசைகளில் பத்துப் பாகம் வந்திருக்கும். ஆனால் பெயரைச் சொன்னதும் எல்லோர் வாயிலும் வருவது ஒரே ஒரு பாகம்தான். கார் ரேஸ் வரிசையான நீட் ஃபோர் ஸ்பீட் என்றால் மோஸ்ட் வோன்டட். துப்பாக்கி விளையாட்டான ஐஜிஐ என்றால் முதலாவது. ஈஏ நிறுவனத்தின் கிரிக்கெட் என்றால் 07. நகரம் சுற்றிக் குற்றம் செய்யும் ஜிடிஏ என்றால் உலகம் ஐந்தாவதைச் சொல்லும்; 2013இல் வந்து 20 கோடிப் பிரதிகள் விற்ற கேம் அது. ஆனால் யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரரிடம் கேட்டால் வைஸ் சிற்றிதான். உலகத்தின் கணக்கும் எங்கட கணக்கும் ஏன் இப்படி வேறுபடுகிறது என்று வடிவாகக் கதைக்க வேண்டும்.

என் கருத்து இது. மறைக்கிற பாகம் அந்த வரிசையிலேயே சிறந்த பாகமாக இருக்க வேண்டியதில்லை. எங்களுக்கு அதைத் தீர்மானித்தது யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை. 2002இல் திறந்தது, 2006 ஆகஸ்டில் பூட்டினார்கள். அந்த நாலு வருடத்துக்குள் கொழும்பிலிருந்து சீடியும் கொம்பியூட்டர் சாமானும் வந்தன. என்ன வந்தது என்று பாருங்கள். வைஸ் சிற்றி பிசிக்கு 2003. நெற்வேர்க்கில் சேர்ந்து சுடும் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6உம் 2003. நீட் ஃபோர் ஸ்பீட் வரிசையில் அண்டர்கிரவுண்ட் 2 அடுத்த வருடம். ஜிடிஏயின் சான் அன்ட்ரியாஸ் 2005 நடுப்பகுதி. மோஸ்ட் வோன்டட் 2005 நவம்பர். அதற்குப் பிறகு பாதை இல்லை. நீட் ஃபோர் ஸ்பீட்டின் அடுத்த பாகமான கார்பன் 2006 கடைசியில் வெளிவந்தபோது இங்கே அரிசிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்றோம். ஜிடிஏ 4 பிசிக்கு வந்த 2008 டிசம்பரில் அதைப் பற்றி நினைக்கவே இங்கு ஆளில்லை. போர் முடியும் வரை, ஊரடங்கு போட்ட பின்னேரங்களில், கையில் இருந்த கேமையே திருப்பித் திருப்பி விளையாடிய தலைமுறை நாங்கள்.

அதனால்தான் மோஸ்ட் வோன்டட் எங்களுக்கு ஒரு பாகம் இல்லை, வரிசை முழுவதுமே அதுதான். உங்கள் அனுபவம் என்ன? மறைந்துபோன பாகங்களில் எதை இன்று எடுத்து விளையாடலாம் என்றும் சொல்லுங்கள்.

---

ஆறாம் கியர்:

அண்ணா, நீங்கள் சொன்ன பாதைக் கணக்கு உங்கள் வயதுக்குச் சரி. நான் 2003இல் பிறந்தவன். நான் கேமில் கார் ஓட்டத் தொடங்கியபோது பாதை திறந்து கனகாலம். கார்பன், ப்ரோஸ்ட்ரீட், 2012இல் வந்த புது மோஸ்ட் வோன்டட், எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எதையும் எடுத்து விளையாடலாம். அப்படியிருந்தும் நானும் என் கூட்டாளிகளும் திரும்பித் திரும்பிப் போனது 2005இன் மோஸ்ட் வோன்டட்டுக்குத்தான். அதற்குப் பாதை காரணமாக இருக்க முடியாது. கேம்தான் காரணம்.

அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தொடக்கத்திலேயே பிஎம்டபிள்யூ எம்3 ஜிடிஆரைக் கையில் தருகிறார்கள், பிறகு ரேசர் என்பவன் சதி செய்து அதைப் பறிக்கிறான். அதை மீட்கப் பதினைந்து பேரை ஒவ்வொருவராக வெல்ல வேண்டும். ரேஸில் மட்டும் வென்றால் ஒருவரோடும் மோத முடியாது. பொலிஸிடம் குறிப்பிட்ட அளவு பெயர் கெட்டிருக்க வேண்டும். அதாவது ஓடிப் பிடித்து விளையாடும் பகுதியை யாரும் தட்டிக்கழிக்க முடியாது. துரத்தலும் ஒரே மாதிரி இல்லை. முதலில் சாதாரண ரோந்துக் கார், பிறகு வீதித் தடை, பிறகு முள்பட்டியும் நேருக்கு நேர் வந்து மோதும் பெரிய வண்டிகளும். தப்ப வழியில்லாதபோது வீதியோரத்தில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியையோ பெட்ரோல் நிலையக் கூரையையோ இடித்து அவர்கள் மேல் விழுத்தலாம். பிடிபட்டால் கார் பறிபோகும் அபாயம் உண்டு. இதெல்லாம் ஒன்றோடொன்று பூட்டப்பட்டு நிற்கிறது.

கார்பன் முழுவதும் இரவு. மலைப்பாதை ரேஸ் நல்லாயிருக்கும், ஆனால் பொலிஸ் ஒரு ஓரத்துக்குப் போய்விட்டது. 2012 கேமில் கார்கள் வீதியோரத்தில் நிறுத்திக் கிடக்கும், பக்கத்தில் போனால் உங்களுடையது. உழைத்து எடுக்காத காரில் எனக்கு ஆசை வரவில்லை. நிறுவனத்துக்கே இது தெரியும். 2019இல் வந்த நீட் ஃபோர் ஸ்பீட் ஹீட்டில் அதே எம்3 ஜிடிஆரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

---

தின்னவேலி கடைக்காரன்:

சமாதான காலத்தில் கொம்பியூட்டர் கடை வைத்திருந்தவன் என்ற முறையில் ஒரு விசயம் சொல்கிறேன். இருவரும் மெசினை மறந்துவிட்டீர்கள்.

வைஸ் சிற்றி ஓட 128 எம்பி ராம் போதும், 32 எம்பி வீடியோ கார்ட் போதும். என் கடையில் இருந்த எல்லா மெசினும் அதைத் தூக்கும். ஜிடிஏ 4 குறைந்தது ஒன்றரை ஜிபி ராம் கேட்டது. ஐந்து வருட இடைவெளியில் பத்து மடங்குக்கு மேல். பாதை திறந்திருந்தாலும் நான் அதற்காக எல்லா மெசினையும் மாற்றியிருக்க மாட்டேன். மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று பெடியளிடம் வாங்கும் காசில் அது முடியாது. கேம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஓடுகிற மெசினுக்குத்தான் அது கேம்.

இன்னொன்று. அப்போது இங்கு சுற்றிய வைஸ் சிற்றி சீடிகள் பலவற்றில் ரேடியோவை வெட்டிவிட்டிருந்தார்கள். ஒரே சீடிக்குள் அடக்க வேண்டுமே. 1986ஆம் ஆண்டில் நடக்கிற கதை அது. காரில் ஏறியதும் அந்தக் காலத்துப் பாட்டும் அறிவிப்பாளர்களின் கதையும் வருவதுதான் அந்தக் கேமின் பாதி உயிர். அது இல்லாமலே எங்கட பெடியள் அந்தக் கேமை நெஞ்சில் வைத்தார்கள். ஆறாம் கியர் தம்பி, இதற்கு என்ன சொல்வீர்கள்? பாதியை வெட்டிய கேம் முழுக் கேம்களை மறைத்துவிட்டது.

ஐஜிஐ கதையும் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டுக் கேம், நோர்வேயில் இன்னர்லூப் என்ற சிறிய நிறுவனம் செய்தது. விமான விளையாட்டுக்கு எழுதிய எஞ்சினை, அதாவது கேமை இயக்கும் மென்பொருளை, எடுத்துத்தான் அதைச் செய்தார்கள். அதனால்தான் அந்த வெளிகள் அவ்வளவு விரிந்து கிடக்கும். கோபுரத்தில் ஏறித் தொலைநோக்கியில் பார்த்தால் முகாம் முழுக்கத் தெரியும். அந்தக் காலத்துத் துப்பாக்கி விளையாட்டுகள் பெரும்பாலும் ஓடை மாதிரி ஒடுங்கிய வழியில்தான் போகும். மிஷனுக்கு நடுவில் சேவ் பண்ண முடியாது. கடைசி வேலிக்குப் பக்கத்தில் செத்தாலும் முதலில் இருந்து. வெளிநாட்டு விமர்சகர்கள் அதைப் பெரிய குறையாக எழுதினார்கள். என் கடையில் அதுவே பலம். ஒருவன் செத்தால் அடுத்தவன் உட்காருவான். பின்னால் நிற்பவர்கள் எந்தக் காவலாளி எங்கே திரும்புவான் என்று சொல்லிக்கொடுப்பார்கள். கூட்டமாக மனப்பாடம் செய்த கேம் அது. இரண்டாம் பாகத்தில் நடுவில் சேவ் வந்தது, நெற்வேர்க்கில் சேர்ந்து விளையாடவும் வந்தது. ஆனால் நெற்வேர்க்கில் விளையாட ஏற்கெனவே கவுன்டர் ஸ்ட்ரைக் இருந்தது. ஐஜிஐ 2ஐ யாரும் கேட்கவில்லை.

---

பழைய சீடி:

கடைக்கார அண்ணை சொன்ன ரேடியோ கதை உண்மை. நான் முதன்முதலாக அந்த ரேடியோவைக் கேட்டது கனகாலம் கழித்து, ஒரு முழுப் பிரதி கிடைத்தபோதுதான். ஏற்கெனவே மனப்பாடமான வீதிகள், ஆனால் புது ஊருக்குள் போன மாதிரி இருந்தது.

கொக்குவிலான், உங்கள் கணக்குக்கு ஒரு பெரிய தடை இருக்கிறது. ஈஏ கிரிக்கெட் 07. அது வந்தது 2006 நவம்பர். பாதை பூட்டி மூன்று மாதம். ஆனாலும் இன்றுவரை யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் கேம் என்றால் அதுதான். பாதை திறந்திருந்தபோது வந்த கிரிக்கெட் 2004, 2005 இரண்டையும் அது மறைத்துவிட்டது. இதற்கு என்ன விளக்கம்?

---

கொக்குவிலான்:

நல்ல கேள்வி. 07 எங்களிடம் வந்தது பிந்தித்தான், பெரும்பாலும் போருக்குப் பிறகு. அப்போது அதற்குப் போட்டியே இல்லை. ஈஏ அதோடு கிரிக்கெட் செய்வதையே நிறுத்திவிட்டது. கடைசிப் பாகம் என்பதால் மறைத்தது என்று சொல்லலாம். பாதை பூட்டினாலும் நிறுவனம் பூட்டினாலும் விளைவு ஒன்றுதான்: அடுத்தது வராது, கையில் இருப்பது பெரிதாகும்.

---

பழைய சீடி:

கடைசி என்பது மட்டும் போதாது. 2007இல் பிரையன் லாரா பெயரில் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் ஒரு கிரிக்கெட் கேம் வெளியிட்டது. அந்த வருட உலகக் கிண்ணத்தின் உரிமமே அதனிடம் இருந்தது. இலங்கை இறுதிப் போட்டிக்குப் போன உலகக் கிண்ணம் அது. ஈஏயிடம் அந்த உரிமம் இல்லை. 07இன் இலங்கை அணியில் எங்கள் வீரர்களின் பெயர்கள் உருமாறிக் கிடக்கும். அப்படியிருந்தும் 07 நின்றது, மற்றது காணாமல் போனது.

காரணத்தை நான் சொல்கிறேன், நான் இதில் வேலை செய்தவன். 07இன் கோப்புகளைத் திறக்கலாம். ஆட்களின் பெயரை மாற்றலாம், சட்டையை மாற்றலாம், மட்டையில் இருக்கும் விளம்பரத்தை மாற்றலாம், மைதானத்தைக்கூடப் புதிதாக வைக்கலாம். 2008இல் ஐபிஎல் தொடங்கியபோது ரசிகர்கள் அதையும் உள்ளே கொண்டுவந்தார்கள். உருமாறிய பெயர்களைத் திருத்துவதுதான் நான் முதலில் செய்த வேலை. சங்கக்காரவும் ஜயவர்தனவும் முரளிதரனும் சரியான எழுத்தில் திரையில் வந்தபோது வந்த சந்தோசத்தை எந்தப் புதுக் கேமும் தரவில்லை. ஒவ்வொரு வருடமும் புது அணி, புதுச் சட்டை. கேமின் வயது நின்றுவிட்டது. வர்ணனையாளர் ரிச்சி பெனோ இறந்தது 2015இல். ஆனால் அந்தக் கேமில் இன்னும் அவர் குரலில்தான் வர்ணனை கேட்கிறோம்.

பெரிய குறைகள் இருக்கின்றன, மறைக்கத் தேவையில்லை. நேரம் பிடிபட்டால் எந்தப் பந்தையும் தூக்கி ஆறு அடிக்கலாம். பந்து வீச்சில் அவ்வளவு ஆழம் இல்லை. 2014இல் வந்த டொன் பிராட்மன் கிரிக்கெட் என்ற கேம், பந்தை விட்டுவிடுவது, முன்காலா பின்காலா என்று தீர்மானிப்பது, எல்லாவற்றையும் சரியாகச் செய்தது. கிரிக்கெட் தெரிந்தவர்கள் அதைத்தான் விளையாட வேண்டும். ஆனால் அதற்கு நல்ல மெசின் வேண்டும், கன்ட்ரோலர் வேண்டும், பொறுமை வேண்டும். 07க்குக் கீபோர்ட் போதும். இரண்டு பெடியள் ஒரே கீபோர்ட்டில் விளையாடலாம்.

---

வடமராட்சிக் காற்று:

எனக்கு வைஸ் சிற்றி போனில்தான் அறிமுகம். 2012 டிசம்பரில் போனுக்கு விட்டார்கள், அடுத்த வருடம் சான் அன்ட்ரியாஸ். ஜிடிஏ 4 போனுக்கு வரவே இல்லை. எங்கள் வகுப்பில் பிசி வைத்திருந்தவர்கள் குறைவு, போன் வைத்திருந்தவர்கள் கூட. பழைய பாகம் புது மெசினுக்கு இறங்கி வந்தது, அதனால் எங்களையும் பிடித்தது.

---

ஸ்கார்பரோ யாழ்ப்பாணி:

இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். நான் 90களில் இங்கு, கனடாவுக்கு, வந்தவன். கொக்குவிலான் சொல்லும் விசயம் போர் நடந்த ஊருக்கு மட்டும் உரியதில்லை என்று சொல்லவே எழுதுகிறேன்.

நீண்ட கதை சொல்லும் ஜப்பானிய கேம் வரிசையான ஃபைனல் ஃபான்டசியை எடுங்கள். வரிசை முழுவதையும் மறைப்பது 1997இல் வந்த ஏழாவது. ஏன்? வட அமெரிக்காவில் அதற்கு முன் 2, 3, 5 வெளிவரவே இல்லை. வந்த நாலாவதற்கு 2 என்று எண் போட்டார்கள், ஆறாவதற்கு 3 என்று எண் போட்டார்கள். பிறகு திடீரென்று மூன்றிலிருந்து ஏழுக்குத் தாவினார்கள். பிளேஸ்டேஷன் என்ற புதுப் பெட்டி, மூன்று சீடி, நடுவில் படம் மாதிரிக் காட்சிகள், தொலைக்காட்சியில் விடாமல் விளம்பரம். என் வகுப்பில் பலருக்கு அதுதான் முதல் ஃபைனல் ஃபான்டசி. இங்கேயும் ஒரு பாதை பூட்டியிருந்தது; திறந்தபோது உள்ளே வந்தது ஏழாவது. ஆறாவதுதான் உயர்ந்தது என்று வாதாடுபவர்கள் இன்றும் நிறையப் பேர், நானும் அவர்களில் ஒருவன். ஆனால் 2020இல் புதிதாக எழுப்பிக் கட்டியது ஏழாவதைத்தான்.

இருவர் மோதும் சண்டைக் கேமான ஸ்ட்ரீட் ஃபைட்டரும் அப்படித்தான். 1987இன் முதலாம் பாகத்தைப் பற்றி யார் கதைக்கிறார்கள்? 1991இன் இரண்டாம் பாகம் அதை முழுதாக விழுங்கிவிட்டது. அதில் ஆறாம் கியர் தம்பி சொல்வது சரி; அது கேமின் தரம்தான்.

மறைந்துபோன பாகத்தில் ஒன்றைப் பரிந்துரைக்கச் சொன்னால், செல்டா என்ற சாகசக் கேம் வரிசையில் மஜோராஸ் மாஸ்க். 1998இன் ஒக்கரினா ஒஃப் டைம் எல்லாவற்றையும் மறைத்து நின்றபோது, அதே எஞ்சினையும் அதே உருவங்களையும் வைத்து 2000இல் இதைச் செய்தார்கள். மூன்று நாளில் நிலா ஊர் மேல் விழப்போகிறது. காலத்தைத் திருப்பித் திருப்பி அந்த மூன்று நாளையே வாழ வேண்டும். ஊர்ச்சனங்கள் ஒவ்வொருவருக்கும் மணித்தியாலக் கணக்கில் ஒரு சோலி இருக்கும். அதைத் தெரிந்துகொண்டால்தான் உதவ முடியும். பெரிய பாகத்தின் நிழலில் இருப்பவர்களுக்குத்தான் இப்படித் துணிய முடிகிறது என்று நினைக்கிறேன். முன்னுக்கு நிற்கும் பாகத்தில் யாரும் கை வைக்கப் பயப்படுவார்கள்.

---

மூன்றாம் வருடம்:

அண்ணாமார் எல்லோரும் துப்பாக்கியும் காரும் பற்றியே கதைக்கிறீர்கள். ஊர் கட்டிப் படை நடத்தும் ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் இல்லாமல் இந்த இழை எப்படி முடியும்?

நான் கம்பஸில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். வரிசையில் நாலு பாகம். 1997, 1999, 2005, 2021. எல்லாவற்றையும் மறைப்பது 1999இன் இரண்டாம் பாகம். செய்த என்சம்பிள் நிறுவனத்தை 2009இல் மூடிவிட்டார்கள். கேமைச் சாகவிடாமல் காத்தது ரசிகர்கள். அவர்களாகவே 2012இல் ஒரு விரிவாக்கம் செய்தார்கள். அது அவ்வளவு நல்லாயிருந்ததால் மறு வருடமே கேமின் உரிமையாளர்கள் அதை உத்தியோகபூர்வமாக எடுத்துக்கொண்டார்கள். அந்த ரசிகர்களே பிறகு நிறுவனமாகி இன்றுவரை புதுப் பகுதிகள் செய்கிறார்கள். பழைய சீடி அண்ணா சொன்ன கிரிக்கெட் 07 கதையும் இதுவும் ஒன்றுதான். ரசிகர் கை வைக்க முடிகிற பாகம் மற்றவற்றை மறைக்கிறது.

ஆனால் நான் இதை எழுத வேறு காரணமும் இருக்கிறது. 2022 ஏப்ரலில் இந்தியாவைப் பற்றிய ஒரு பகுதி வந்தது. அதில் திராவிடர் என்று ஒரு நாகரிகம். அவர்களின் ஆட்கள் தமிழ் பேசுகிறார்கள். விறகு வெட்டச் சொன்னால் தமிழில் பதில் வருகிறது. சுருள்வாள் வீசும் வீரர்கள், திரிசடை என்ற பெரிய போர்க்கப்பல், கவசத்தை ஊடுருவும் உருக்கு. ராஜேந்திர சோழனின் கதையும் ஒரு தொடராக இருக்கிறது. எங்களுக்கு இங்கே கரண்ட் இல்லை, பெட்ரோல் இல்லை, காஸ் இல்லை என்று வரிசையில் நின்ற மாதங்கள் அவை. கரண்ட் வந்த நேரத்தில் லப்டொப்பைத் திறந்து அந்தக் குரல்களைக் கேட்டேன். என் அம்மாவும் வந்து பார்த்தார்.

இருபத்து மூன்று வயதான கேமுக்குள் தமிழ் வந்தது, அந்தக் கேம் மற்றப் பாகங்களை மறைத்து நின்றதால்தான். மூன்றாம் பாகமோ நாலாம் பாகமோ முன்னுக்கு நின்றிருந்தால் இரண்டாவதை எப்போதோ கைவிட்டிருப்பார்கள். அதனால் ஒரு பாகம் மறைப்பது வரிசைக்குக் கூடாது என்ற கருத்தோடு நான் ஒத்துப்போகவில்லை.

---

கொக்குவிலான்:

தங்கச்சி, தமிழ்க் குரல் வந்த விசயம் எனக்குப் புதிது. இன்றைக்கே பார்க்கிறேன்.

கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நட்டம் ஒன்று இருக்கிறது. அண்டர்கிரவுண்ட் 2 நல்ல கேம். ஒரு ஊர் முழுக்கச் சுற்றலாம், காரை உங்கள் விருப்பத்துக்குச் செதுக்கலாம், பொலிஸ் இல்லாத அமைதியான இரவு. ஒரே வருட இடைவெளியில் மோஸ்ட் வோன்டட் வந்ததால் அதை யாரும் கடைசிவரை முடிக்கவில்லை. என் கூட்டத்தில் இன்றும் அதைப் பற்றிக் கதைக்க ஒருவர் கிடைப்பதில்லை.

---

ஆறாம் கியர்:

அண்ணா, எனக்கு அண்டர்கிரவுண்ட் 2 பிடிக்கும். பேவியூவில் மழை விழுந்த வீதிகளில் ஓடுவதற்காகவே திறப்பேன். ஆனால் ரேஸ்களுக்கு நடுவில் வெறுமனே ஓடும் தூரம் கூட. அதை முடிக்காமல் விட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

கடைக்கார அண்ணை, ரேடியோ வெட்டிய வைஸ் சிற்றிக்கு என் பதில்: வெட்டிய பிறகும் நின்றதென்றால் மிச்சப் பாதி அவ்வளவு பலமானது என்றுதான் நான் எடுப்பேன்.

---

பழைய சீடி:

அப்படியென்றால் சான் அன்ட்ரியாஸ்? மூன்று நகரம், நீச்சல், விமானம், உடற்பயிற்சி எல்லாம் அதில் இருந்தது. வைஸ் சிற்றியில் கதாநாயகன் டொமி தண்ணீரில் விழுந்தால் சாவு. எல்லா வகையிலும் பெரிய கேம், அதுவும் பாதை திறந்திருந்தபோதே வந்தது. ஏன் மறைக்கவில்லை?

---

தின்னவேலி கடைக்காரன்:

என் கடையில் மறைத்தது. 2005 கடைசியில் எல்லோரும் சான் அன்ட்ரியாஸ்தான் கேட்டார்கள். சைக்கிளில் ஊர் சுற்றுவதற்கென்றே காசு கட்டிய பெடியள் இருந்தார்கள். ஆனால் வீட்டில் மெசின் வைத்திருந்தவர்களுக்கு அது பாரம், அவர்கள் வைஸ் சிற்றியிலேயே நின்றார்கள். கொக்குவிலான் வீட்டில் விளையாடியவர் என்று நினைக்கிறேன். கடையில் விளையாடிய பெடியளிடம் கேளுங்கள், பதில் மாறும்.

---

வடமராட்சிக் காற்று:

ஓம், எங்கள் பக்கம் சான் அன்ட்ரியாஸ்தான். வைஸ் சிற்றியைச் சொன்னது என் அண்ணா தலைமுறை.

மூன்றாம் வருடம் அக்கா, திராவிடரை எடுத்தால் முதலில் எதைக் கட்ட வேண்டும்? குதிரைப்படை பலமில்லை என்று கேள்விப்பட்டேன்.

---

மூன்றாம் வருடம்:

குதிரையை மறந்துவிடுங்கள் தம்பி. தண்ணீர் உள்ள வரைபடத்தை எடுங்கள். மீன்பிடியில்தான் இவர்களின் பலம், ஒவ்வொரு யுகம் தாண்டும்போதும் 200 விறகு சும்மா கிடைக்கும், அதை அப்படியே துறைமுகத்திலும் மீன்பிடிப் படகிலும் போடுங்கள். கரையைப் பிடித்த பிறகு திரிசடை. தரையில் எதிரி குதிரையோடு வந்தால் ஈட்டிக்காரரை முன்னுக்கு நிறுத்துங்கள், சுருள்வாள்காரரைக் கூட்டத்துக்குள் விடுங்கள். சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் நாலு பேர் விளையாடுகிறோம், ஒரு இடம் வைத்திருக்கிறேன்.